'சேர்வர் டவுன்' என்பது ஒரு பதில் அல்ல

மழை பெய்யும். கடல் கொந்தளிக்கும். சேர்வர் டவுன் ஆகும். இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க நாங்கள் பழகிவிட்டோம். உயர்தரப் பெறுபேறு வெளியாகிற இரவில் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால், "கன பேர் ஒரே நேரத்தில பாக்கினம், அதான்" என்று நாங்களே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் "சிஸ்டம் ஸ்லோ, நாளைக்கு வாங்கோ" என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்கிறோம். சிஸ்டம் எதனால் ஸ்லோ, எப்போதிலிருந்து ஸ்லோ, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. மழையிடம் யாராவது விளக்கம் கேட்பார்களா?

சேர்வர் மழை அல்ல. அது ஒரு இயந்திரம். ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு இறாக்கையில், கரண்ட் குடித்துக்கொண்டு நிற்கிறது. தான் எங்கே களைத்தது என்பதைத் தானே எழுதி வைக்கக்கூடிய இயந்திரம் அது. எழுதச் சொன்னால் வினாடிக்கு வினாடி எழுதும். ஆகவே "சேர்வர் டவுன்" என்று சொல்லி அதோடு நிற்கிறவர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்: காரணம் தெரியும், உங்களுக்குச் சொல்ல மாட்டோம், அல்லது, நாங்கள் பார்க்கவே இல்லை. இரண்டுமே எங்களுக்குச் சம்மதமில்லை.

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். "உங்களுக்கு இதில என்ன விளங்கும்?" என்று கணினி படிக்கிற நண்பர்கள் கேட்கக்கூடும். கிணத்துத் தண்ணி நாறுது எண்டு சொல்ல இரசாயனவியல் பட்டம் வேணுமோ? வரிசையில் யார் நிற்கிறார்கள், யார் நிற்க வைக்கிறார்கள், நிற்க வைப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை எல்லாம் எங்கள் பாடங்கள்தான். எங்கள் நிலைப்பாடு இது: பொதுமக்கள் காசில் ஓடும் ஒவ்வொரு சேர்வரும் அளக்கப்பட வேண்டும், அந்த அளவு பொதுமக்களுக்குக் காட்டப்பட வேண்டும். அளக்காமல் சொல்லப்படும் காரணம் எதுவும் காரணம் அல்ல, ஊகம்.

அழைத்த கூட்டம்

முதலில் "எதிர்பாராத கூட்டம்" என்ற சாட்டை எடுப்போம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24 ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். தேரன்று சனம் எக்கச்சக்கமாக வரும் என்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் சுற்றவர உள்ள வீதிகள் பூட்டப்படுகின்றன, மாற்றுப் பாதை அறிவிக்கப்படுகிறது, தண்ணீர்ப் பந்தல் போடப்படுகிறது, சைக்கிள் விட ஒழுங்கைக்கு ஒழுங்கை இடம் வைக்கப்படுகிறது. தேரன்று காலையில் மாநகர சபை வந்து "இவ்வளவு சனம் வருமெண்டு நாங்கள் நினைக்கேல்ல" என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

பெறுபேறு இரவும் ஒரு தேர்த் திருவிழாதான். இன்னும் சொன்னால் அதைவிட இலேசு, ஏனென்றால் வரப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியலே கையில் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்கள் 346,976 பேர். ஒரு பரீட்சார்த்திக்காகப் பிள்ளை, தாய், ரியூசன் மாஸ்டர் என்று மூன்று பேர் முதல் மணித்தியாலத்துக்குள் பார்ப்பதாக வைப்போம். பத்து இலட்சத்துச் சொச்சம் கோரிக்கைகள். 3,600 வினாடிகளால் பிரித்தால் வினாடிக்கு 290 அளவில் வரும். அந்தரத்தில் எல்லோரும் முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாலும் அதைப் பத்து மடங்காக எடுங்கள்: வினாடிக்கு 3,000.

இது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அவர்கள் கேட்பது என்ன? பெயர், சுட்டெண், மூன்று பாடம், இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை. தாராளமாகக் கணக்குப் பார்த்தாலும் ஆளுக்கு 4 கிலோபைட். எல்லோருடையதையும் சேர்த்தால் 1.4 கிகாபைட் கூட வராது. முழு நாட்டின் பெறுபேறும் நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிற போனுக்குள் அடங்கும். அதோடு, ஒருமுறை வெளியான பெறுபேறு அன்றிரவு மாறப்போவதில்லை. மாறாத ஒன்றுக்காக ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்புவது, பாண் என்ன விலை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் கடைக்காரப் பெடியன் முதலாளிக்குப் போன் அடித்துக் கேட்டுச் சொல்வது மாதிரி. விலையை ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டால் அந்த வேலை முடிந்தது. சேர்வர் உலகத்தில் அந்த மட்டைக்குப் பெயர் 'கேஷ்'. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

எனவே கூட்டம் குற்றவாளி அல்ல. கூட்டம் அழைப்பிதழ் கொடுத்து வரவழைக்கப்பட்டது. பந்தியில் இலை போதாவிட்டால் வந்த சனத்தையா ஏசுவது?

இடுக்கு எங்கே?

சரி, கூட்டம் இல்லையென்றால் எது? இங்கேதான் அளவீடு வருகிறது. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் செட்டுக்கு முன்னால் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. அந்த வரிசையைக் குறைக்க ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு பம்ப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திராது. பம்ப் சும்மா நின்றது. நிலத்தடித் தாங்கி காய்ந்து கிடந்தது. தாங்கிக்குப் பவுசர் வரவில்லை, பவுசருக்குக் கப்பல் வரவில்லை, கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே நிறுத்தியது. வரிசை தெரிந்த இடம் பம்ப்; இடுக்கு இருந்த இடம் திறைசேரி.

சேர்வரும் அப்படித்தான். வெளியே நின்று பார்த்தால் ஒரே ஒரு அறிகுறி: பக்கம் திறக்கவில்லை. உள்ளே நான்கு ஒழுங்கைகள் இருக்கின்றன. கணக்குப் போடும் செயலி. கையில் வைத்திருக்கிற நினைவகம். எழுதி வாசிக்கிற வட்டு. வெளியே கொண்டுபோகிற வலையமைப்பு. ஒரு கோரிக்கை இந்த நான்கையும் கடந்துதான் போய் வரவேண்டும். மூன்று ஒழுங்கைகள் வெறிச்சோடிக் கிடந்தாலும் நாலாவதில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

எந்த ஒழுங்கை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழியைப் பிரெண்டன் கிரெக் என்ற பொறியியலாளர் 2012 அளவில் எழுதி வைத்தார். ஒவ்வொரு வளத்திடமும் மூன்றே கேள்வி கேள்: எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறாய்? உனக்காக எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள்? எத்தனை தரம் பிழைத்தாய்? நான்கு வளம், மூன்று கேள்வி, பன்னிரண்டு விடை. பன்னிரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் வண்டி நிற்கிற ஒழுங்கை தெரிந்துவிடும். இதற்குக் காசு கட்டி வாங்க வேண்டிய ஆயுதம் எதுவும் இல்லை. 'டொப்', 'விஎம்ஸ்டாட்', 'ஐஓஸ்டாட்' என்ற கட்டளைகளை எந்த லினக்ஸ் சேர்வரிலும் இலவசமாக ஓடவிடலாம். அளவுகளைச் சேர்த்து வைக்கப் புரோமீதியஸ், படமாகக் காட்டக் கிரஃபானா. இரண்டும் இலவசம்.

விடைகள் எவ்வளவு விசித்திரமாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

ஒன்று. லினக்ஸ் சேர்வர் தன் சுமையை மூன்று எண்களாகச் சொல்லும்: கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். அந்த எண் ஏறினால் "செயலி காணாது, பெரிசு வாங்கோணும்" என்று உடனே முடிவு கட்டுவார்கள். ஆனால் அந்த எண்ணுக்குள் செயலிக்காகக் காத்திருக்கும் வேலைகள் மட்டுமல்ல, வட்டுக்காகக் காத்திருக்கும் வேலைகளும் அடங்கும். சுமை எண் வானத்தில் நிற்க, செயலி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் புதுச் செயலி வாங்கினால் தூங்க இன்னொரு ஆள் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இரண்டு. உலகத்தில் ஏராளமான வலைத்தளங்களுக்குப் பின்னால் இருக்கிற மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், யாரும் மாற்றாவிட்டால், ஒரே நேரத்தில் 151 இணைப்புகளை மட்டும்தான் உள்ளே விடும். 152 ஆவது ஆளுக்கு வாசலில் கை விரிக்கும். நீங்கள் கோடிக் கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரமாக இருக்கட்டும், அந்த ஒரு வரியை யாரும் பார்க்காவிட்டால் அதற்கும் வாசல் 151 தான். மண்டபத்தில் ஆயிரம் கதிரை, வாசலில் ஒற்றைக் கதவு. உள்ளே பார்த்தால் எல்லா அளவும் நல்ல பச்சையாக இருக்கும். வெளியே சனம் திட்டிக்கொண்டிருக்கும். பிழைகளை எண்ணிப் பார்க்கிறவர் மட்டும்தான் இதைக் கண்டுபிடிப்பார்.

சராசரி சொல்லும் பொய்

"எங்கட சேர்வர் சராசரியா 15 வீதம்தான் பாவிக்கப்படுது, பிரச்சினையே இல்ல" என்று ஒரு அதிகாரி அறிக்கை காட்டினால் ஏமாறாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வருட மழையை 12 ஆல் பிரித்து "மாதத்துக்கு இவ்வளவு" என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைத் தோட்டத்துக்குள்ளேயே விடமாட்டார். விண்ணப்ப முடிவுத் திகதியின் கடைசி இரண்டு மணித்தியாலம்தான் அந்தச் சேர்வரின் மாரிகாலம். ஆண்டு முழுவதன் சராசரி அந்த இரண்டு மணித்தியாலத்தை ஒளித்து வைக்கிற போர்வை.

இன்னொன்றும் இருக்கிறது. வரிசை நேர்கோடாக வளராது. டென்மார்க்கில் தொலைபேசிக் கம்பனி ஒன்றில் வேலை செய்த ஏ. கே. எர்லாங் என்ற கணிதக்காரர் 1909 இலேயே இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார். அவர் வழியில் வந்த மிக எளிய கணக்கு இப்படிச் சொல்கிறது: கண்டபடி வந்துபோகும் கோரிக்கைகளைக் கவனிக்க ஒருவர்தான் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒரு வேலை முடிய எடுக்கும் நேரமளவுக்குத்தான் நீங்கள் சராசரியாகக் காத்திருப்பீர்கள். 80 வீதம் வேலையாக இருந்தால் அதன் 4 மடங்கு. 90 வீதத்தில் 9 மடங்கு. 95 இல் 19 மடங்கு. 99 இல் 99 மடங்கு. அதாவது 90 க்கும் 99 க்கும் இடையில் இருக்கிற அந்த ஒன்பது வீதத்துக்குள்தான் எங்கள் முழு இரவும் போகிறது. "நேற்று மட்டும் நல்லாத்தான் ஓடினது, திடீரெண்டு படுத்திட்டுது" என்பதில் திடீர் என்று எதுவும் இல்லை. நேற்று அது 85 இல் நின்றது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"பெரிசா ஒண்டு வாங்குவம்"

அளக்காத இடத்தில் அடுத்ததாக வருவது கேள்விப் பத்திரம். பழுதுக்குக் காரணம் தெரியாது, ஆனால் மருந்து தெரியும்: புதுசு, பெரிசு. வாங்குவது கண்ணுக்குத் தெரியும் வேலை. திறப்பு விழா வைக்கலாம், நாடா வெட்டலாம், கல்வெட்டுப் பதிக்கலாம். அளப்பதற்கு நாடா வெட்ட முடியாது. ஒரு தம்பி இரவிரவாக இருந்து ஒரு மோசமான தரவுத்தளக் கேள்வியைக் கண்டுபிடித்து, ஒரு சுட்டியைச் சேர்த்து, ஒன்பது வினாடி வேலையை அரை வினாடியாக்கினால் அவருக்கு யார் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள்?

இதில் அரசாங்கத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களின் காசில் எங்கள் பாடசாலைகளுக்கு வந்திறங்கும் கணினிகளையும் பாருங்கள். காசு அனுப்புகிறவர்களின் அன்பில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணினி அறைக்கு நாற்பது இயந்திரம் வாங்குவதற்கு முன் ஏற்கெனவே இருக்கிறவை ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று ஒருவராவது ஒரு கிழமை அளந்து பார்த்தாரா? இடுக்கு நாற்பது பேர் பங்குபோடுகிற ஒற்றை இணைப்பாக இருந்தால், புது இயந்திரம் பழைய வேகத்தில்தான் ஓடும். நினைவகத்தில் இருந்தால், இயந்திரத்துக்கு ஒரு சின்னத் துண்டு வாங்கிச் செருகினால் போதும். பம்ப் பூட்டுவதற்கு முன் தாங்கிக்குள் தடி விட்டுப் பாருங்கோ எண்டுதான் நாங்கள் கேட்கிறோம்.

அளந்தவர்கள்

2013 ஒக்ரோபர் 1 ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் சுகாதாரக் காப்புறுதிக்கான தன் தளத்தைத் திறந்தது. முதல் நாளில் அதன் வழியாகப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். அவர்களும் முதலில் சொன்னது நாங்கள் கேட்டுப் பழகிய அதே வசனம்தான்: எதிர்பார்த்ததை விடக் கூட்டம் அதிகம். பிறகு மீட்புக் குழு ஒன்று போனது. அவர்களைத் திடுக்கிட வைத்தது பழுது அல்ல. இவ்வளவு பெரிய தளத்தில் என்ன நடக்கிறது என்று ஓரிடத்தில் பார்க்க ஒரு அளவுப் பலகை கூட இல்லை என்பதுதான். அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தப் பலகையைக் கட்டுவது. இடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அந்த வருடம் டிசம்பர் 1 ஆம் திகதி அரசாங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது: பக்கம் பதில் தரும் நேரம் 8 வினாடியிலிருந்து 1 வினாடிக்குள் வந்தது, பிழை வீதம் 6 இலிருந்து 1 க்குக் கீழே போனது. தோல்வியையும் எண்ணில் சொன்னார்கள், திருத்தத்தையும் எண்ணில் சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த டிசம்பர் 1.

விக்கிப்பீடியா இன்னும் ஒரு படி மேலே. அதை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் தன் சேர்வர்களின் அளவுப் பலகையைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நீங்களும் போய் அவர்களின் நெரிசலைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் இறந்தபோது அவருடைய ஆங்கிலப் பக்கத்தை ஒரு நாளில் 28 இலட்சம் தடவை பார்த்தார்கள். அதைச் சேர்வர்கள் தாங்கிக்கொண்டன. ஆனால் 1980 ஆம் ஆண்டு விவாதத்தின் ஒன்றரை மணித்தியால வீடியோவையும் சனம் பார்க்கத் தொடங்க, வலையமைப்புப் போக்குவரத்து இரண்டு மடங்காகிக் கொஞ்ச நேரம் சிலருக்குப் பக்கம் இழுபட்டது. "கூட்டம் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர்கள் படுக்கவில்லை. ஏன் இந்தளவில் இடித்தது என்று தோண்டினார்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடும் தானியங்கிகள் ஏற்கெனவே பாதையை அடைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. 2025 ஏப்ரலில் எண்களோடு வெளியிட்டார்கள்: பல்லூடகத் தரவிறக்கத்துக்கான அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து 50 வீதம் கூடியிருக்கிறது, பக்கப் பார்வைகளில் தானியங்கிகளின் பங்கு 35 வீதம்தான், ஆனால் ஆகச் செலவு கூடிய போக்குவரத்தில் அவற்றின் பங்கு 65 வீதம்.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் முக்கியம்? எங்கள் ஊரின் பழைய பத்திரிகைகளும் மலர்களும் நூல்களும் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளால் இன்று இணையத்தில் இருக்கின்றன. சின்னக் காசில் ஓடும் இப்படிப்பட்ட தமிழ்த் தளங்களின் வாசலில் அதே தானியங்கிகள் வந்து நிற்கும்போது, வந்தது வாசகரா இயந்திரமா என்று பிரித்தறிய ஒரே வழி அளப்பதுதான். அளக்காவிட்டால் தமிழ் வாசகர் கூடிவிட்டார் என்று சந்தோசப்பட்டுக்கொண்டே சேர்வர் வாடகையைக் கூட்டிக் கட்டிக்கொண்டிருப்போம்.

எங்கட நாட்டில்

"அமெரிக்கா செய்யும், எங்களால ஏலுமோ?" ஏலும் என்பதற்கு எங்களிடமே சாட்சி இருக்கிறது. 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. அட்டையைக் காட்ட, செட்டில் நிற்கும் பெடியன் போனால் ஸ்கான் பண்ண, மீதி எவ்வளவு என்று திரையில் வந்தது. வல்வெட்டித்துறையிலும் வந்தது, மாத்தறையிலும் வந்தது. 2023 செப்டெம்பரில் நிறுத்தும் வரை ஒரு வருடத்துக்கு மேல் நாடு அதில்தான் ஓடியது. கழுத்தில் கத்தி வைத்தால் இந்த நாட்டால் தாங்கக்கூடிய ஒரு முறைமையைக் கட்டி ஓட்ட முடிகிறது. கத்தி இல்லாத நாட்களில் ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி.

அதே 2023 இல் மற்றப் பக்கத்தையும் பார்த்தோம். ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரச முகில் சேவை மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் காலாவதியான பதிப்பு. இது வேகம் பற்றிய கதை அல்ல. கவனிப்பு பற்றிய கதை. மூன்று மாதத்துக்கு மேல் பிரதி எடுபடாமல் இருப்பதைக் கத்திச் சொல்ல ஒரு மணி அங்கே அடிக்கவில்லை, அல்லது அடித்த மணியைக் கேட்க ஆள் இல்லை. நினைவகம் நிரம்புவதைப் பார்க்காத கண்தான் பிரதி நின்றுபோனதையும் பார்க்காமல் விடும்.

யார் காத்திருக்கிறார்கள்?

மெதுவான சேர்வர் எல்லோரையும் ஒரே மாதிரி வருத்துவதில்லை. வீட்டில் பைபர் இணைப்பு உள்ளவருக்கு எட்டு வினாடி என்பது எரிச்சல். டேட்டா கார்ட் போட்டு, ஒவ்வொரு ரீலோடுக்கும் மெகாபைட் எண்ணுகிறவருக்கு அது செலவு. கொம்யூனிகேசன் கடையில் காசு கொடுத்துப் படிவம் நிரப்புகிறவருக்கு, பாதியில் பக்கம் உடைந்தால் திரும்ப முதலிலிருந்து காசு. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வருகிற அம்மாவுக்கு "சிஸ்டம் ஸ்லோ" என்றால் அது ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி. கொழும்பில் ஆளைத் தெரிந்தவர் ஒரு போன் கோலில் காரியத்தை முடித்துவிடுவார். வரிசையில் கடைசிவரை நிற்கிறவர் ஆளைத் தெரியாதவர்தான். இடுக்கு எப்போதும் ஏழையின் பக்கத்தில்தான் இறுகுகிறது. அதனால்தான் இது கணினிப் பிரச்சினை மட்டுமல்ல என்று சொல்கிறோம்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். "அளவுகளை வெளியிட்டால் தாக்குபவனுக்கு வசதி" என்பார்கள். நாங்கள் கடவுச்சொல் கேட்கவில்லை. எந்தப் பதிப்பு, எந்த முகவரி என்றும் கேட்கவில்லை. பக்கம் பதில் தர எவ்வளவு நேரம் எடுத்தது, நூற்றுக்கு எத்தனை கோரிக்கை தோற்றது, எத்தனை மணித்தியாலம் தளம் இல்லாமல் போனது என்று கேட்கிறோம். தளம் படுத்தது தாக்குபவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் படுத்தது என்று தெரியாமல் இருப்பது நாங்கள் மட்டும்தான்.

"பாவம், இருக்கிறது ஒரே ஒரு ஐரி பெடியன், அவனைப் போட்டு வறுக்காதேங்கோ" என்பார்கள். அவரை நாங்கள் வறுக்கவில்லை. நடுச்சாமம் எழும்பி ரீஸ்டார்ட் பண்ணுகிறவர் அவர்தான். ரீஸ்டார்ட் பண்ணினால் தளம் எழும்பும், ஆனால் நினைவகத்தில் நிறைந்திருந்தது என்ன, எந்த வேலை எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்ற தடயம் எல்லாம் அதோடு போகும். அளவுகள் வேறொரு இடத்தில் சேமிக்கப்படாவிட்டால் அடுத்த நடுச்சாமமும் அவர் அதே இருட்டில்தான் எழும்புவார். அளவீடு அவருக்கு எதிரான சாட்சி அல்ல. "எனக்கு இன்னொரு ஆள் வேணும், இந்த வட்டு மாத்தோணும்" என்று மேலே கேட்பதற்கு அவர் கையில் இருக்கக்கூடிய ஒரே துருப்பு.

சுன்னாகத்தை மறந்துவிட வேண்டாம். கிணற்றில் எண்ணெய் மணக்கிறது என்று சனம் சொன்ன வரைக்கும் அது வெறும் முறைப்பாடு. நீரை அளந்த பிறகுதான் அது வழக்காக நின்றது. 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அளவு இல்லாத கோபம் காற்றோடு போகும். அளவோடு வருகிற கோபத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வாசலும் திறந்துதான் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். ரோட்டுக்கும் குளத்துக்கும் இந்தச் சட்டத்தைப் பாவிக்கிற நாங்கள் சேர்வருக்கு ஏன் பாவிப்பதில்லை?

அடுத்த தடவை ஒரு பொதுத் தளம் படுத்தால் இந்த நான்கு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். ஒன்று: அன்று அந்த நேரத்தில் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய நான்கின் பதிவுகள் உங்களிடம் இருக்கின்றனவா? இரண்டு: இருந்தால், எந்த வளம் முதலில் நிரம்பியது? மூன்று: இந்த நாளுக்கு முன் அதே அளவு சுமையைப் பொய்யாக உண்டாக்கிச் சோதித்தீர்களா, எப்போது? நான்கு: கடைசியாகப் புது இயந்திரம் வாங்க எடுத்த முடிவு எந்த அளவீட்டின் அடிப்படையில் எடுக்கப்பட்டது?

முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மற்ற மூன்றுக்கும் பதில் தேவையில்லை. அந்த "இல்லை"யைக் கடிதத் தலைப்போடும் திகதியோடும் கையெழுத்தோடும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சேர்வர் டவுன்" என்று அடுத்த முறை யாராவது சொல்லும்போது அதை எடுத்துக் கண்ணாடிக்குள்ளால் நீட்டலாம்.